வாற்கோதுமை முடிச்சு

அவர் கனவு சொல்லும் நாட்களில் கிண்ணியாத் துறையடியில் பாதை பிந்தும். பாதை என்றால் தெரு அல்ல. பாலம் வருவதற்கு முன்பு பஸ், லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடல்வாயைக் கடந்த தட்டைப் படகுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பாதைக்காரரே இறங்கி வந்து கூட்டத்தோடு நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் அது எப்படி நேரத்துக்குப் போகும்?

துறையடியில் அவர் தையற்கடை வைத்திருந்தார். ஊர் அவரை டெயிலர் காக்கா என்றது. எனக்கு அவர் வெறும் காக்கா, அதாவது அண்ணன். கடையின் பின்பாதியை ஒரு திரையால் மறைத்திருந்தார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை, எங்கள் பேச்சில் தெறிகளை, வைப்பது, தெறித் துளைக்கு நூல் சுற்றுவது, ஓரம் மடித்துத் தைப்பது என் வேலை. எனக்குக் கலியாணமாகி அப்போது அதிக காலம் இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் மாமிக்கும் வாய் முற்றும் என்று என் கணவர்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஆகவே காக்காவின் கனவுகளை ஊரில் எல்லோரையும்விடக் கிட்ட இருந்து கேட்டவள் நான். முகத்தைப் பார்க்காமல் கேட்டவளும் நான். முகம் தெரியாதபோது குரலில் ஒட்டுப்போட்ட இடங்கள் நன்றாகத் தெரியும்.

சுபஹுத் தொழுகை முடிந்து முதல் பாதைக்கு ஆட்கள் சேரும் நேரத்தில் அத்தர் வாசம் திரையைத் தாண்டி வந்தால், இன்று கனவு உண்டு என்று அர்த்தம். அன்று அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்துவார். தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போடுவார். பிறகு, "எனக்கு ஒண்டு காட்டப்பட்டிச்சு" என்று தொடங்குவார். துறையடி அடங்கிப்போகும்.

ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பு. அவருடைய கனவில் வருகிற பெரியார்கள் எல்லோருக்கும் கொலர் சரியாக இருக்கும். ஜுப்பாவின் கை நீளம், தோள் இறக்கம், வெள்ளைத் துணியின் தரம் எல்லாம் சொல்லுவார். சொர்க்கத்திலும் யாரோ அளவெடுத்துத் தைக்கிறார்கள் போல என்று வீட்டில் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கையோடு சிரித்தார். அவர் ட்ரக்டர் ஓட்டுகிறவர். கனவு, தகடு, தாயத்து எதிலும் நம்பிக்கை இல்லை. சுபஹுக்கும் எழும்ப மாட்டார்.

காக்காவின் கனவுகள் எங்கே தைக்கப்படுகின்றன என்று நான் கண்டுபிடித்தது ஒரு களிசானால்.

கடற்படைப் பொடியன் ஒருவன் களிசானின் கால் நீளத்தைக் குறைக்க வந்தான். காக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கும் கொஞ்சம் விளங்கும். பொடியன் அம்மாவைப் பற்றிச் சொன்னான், ஊரைப் பற்றிச் சொன்னான். போகும்போது குரலைத் தாழ்த்தி, உங்கள் ஆட்கள் விறகுக்குப் போகும் காட்டு ரோட்டுப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம், நிலத்துக்குள் என்னவோ வைத்திருக்கிறார்கள் என்றான். மறுநாள் காலையில் அத்தர் மணத்தது. "எனக்கு ஒண்டு காட்டப்பட்டிச்சு. காட்டு ரோட்டை மறிச்சு ஒரு பெரியவர் நிக்கிறார். ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறார். அவருக்குப் பின்னால இடுப்பளவு முள்ளு." விறகு வண்டிகள் திரும்பி வந்தன. அந்த வாரமே அதே ரோட்டில் கட்டாக்காலி மாடு ஒன்று வெடியில் சிதறிப்போனது.

அதற்குப் பிறகு ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது. கடைக்குக் கோழி வந்தது, வாழைக்குலை வந்தது, ஓதித் தரச் சொல்லித் தண்ணீர்ப் போத்தல் வந்தது. கோழிகள் என் காலடியில் கிடந்து கத்தின. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் திரைக்குள் இருந்தே கேட்டேன்.

"காக்கா, ராவைக்கு நல்லா நித்திர கொள்ளுறீங்களா?"

"ஏன் புள்ள?"

"களிசான் தைச்ச நாளெல்லாம் உங்களுக்குக் கனவு வருதே, அதான்."

மெஷின் நின்றது. நான் விடவில்லை. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் சொல்லித் தந்ததைச் சொன்னேன். காணாத கனவைக் கண்டதாகச் சொல்லுகிறவனிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணியைக் கொடுத்து, ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடச் சொல்லுவார்கள். அவனால் போடவே முடியாது. போட்டுக்கொண்டே இருப்பான்.

"தெரியும் புள்ள" என்றார். "கண்டன், கேட்டன் எண்டு சொன்னா எங்க கண்ட, ஆரு சொன்ன எண்டு வருவாங்க. சொன்ன பொடியனும் போயிருவான், நானும் போயிருவன். கனவு எண்டா விசர், பைத்தியம் எண்டு விட்டுருவாங்க." பிறகு, "நான் தையல்காரன்தானே. முடிச்சை அங்க போய்ப் பாப்பம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒட்டு தெரிந்தது. மெஷின் திரும்ப ஓடத் தொடங்க நேரமானது.

நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. சந்தோஷத்தில் அவர் ட்ரக்டரில் ஏறி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

காக்கா நல்லவரா கள்ளரா என்று அந்த நாட்களில் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவருக்கு அந்தக் கூட்டமும் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கோழியை வேண்டாம் என்பார், ஆனால் யாராவது வந்து கையைப் பிடித்து முத்தமிட்டால் கையை இழுத்துக்கொள்ள நேரமெடுப்பார். அதே மனிதரிடம் ஒருவர், "காக்கா, றசூலுல்லாவக் கண்டிருக்கீங்களா?" என்று நபியவர்களைப் பற்றி ஆசையாகக் கேட்டபோது அவர் போட்ட சத்தத்தில் என் கையில் ஊசி ஏறிவிட்டது. "அத என்னட்டக் கேக்காதீங்க. இனி இந்தக் கடைப் படியில வச்சு ஆரும் அதக் கேக்கப்படாது." அன்று மத்தியானமே கடையைப் பூட்டினார். எதில் பொய் சொல்லலாம், எதில் சொல்லக்கூடாது என்று அவருக்குள்ளே ஒரு அளவுநாடா இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு தாய். அவளுடைய மகன் பட்டணத்துக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்து படியில் உட்காருவாள். "காக்கா, இண்டைக்காவது காட்டினாங்களா?" இல்லை என்பார். அவள் ஒரு நாள் பொறுமையிழந்து, "ஊரார்ட விறகு ரோட்டை உனக்குக் காட்டுறாங்க, என்ர புள்ளையக் காட்ட மாட்டாங்களா?" என்று மண்ணை அள்ளி எறிந்துவிட்டுப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும், அவள் இன்றைக்காவது சாப்பிடுவாளே என்று கேட்டேன். மண்ணைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியாததுக்குக் கனவு காண ஏலாது புள்ள."

என் கணவர் காணாமல்போன நாளைப் பற்றி எனக்கு நீட்டிச் சொல்ல வராது. தம்பலகாமத்துப் பக்கம் சூடடிப்பு, நெல் போரடிக்கும் வேலை. காலையில் ட்ரக்டரோடு போனார். ட்ரக்டரும் வரவில்லை, அவரும் வரவில்லை. அந்த ரோட்டில் யார் நின்று மறிப்பார்கள் என்று சொல்ல முடியாத காலம். துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரையும் நாங்கள் 'அவங்க' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டிருந்தோம். மாமனார் எல்லா முகாமுக்கும் போய் வாசலில் நின்றார். மாமி சோற்றை ஆக்கி மூடி வைத்துக்கொண்டே இருந்தாள். நான் வீட்டில் இருக்க முடியாமல் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. என் கணவர் போன அதே நாள் காக்காவும் தம்பலகாமத்துக்குக் கலியாண உடுப்புக் கொடுக்கச் சைக்கிளில் போனவராம். காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டாராம். அதை நான் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க மனம் இடம் தரவில்லை என்பதுதான் சரி.

கடை திறந்த அன்று அத்தர் மணக்கவில்லை. ஆனால் குண்டூசிகளைச் சட்டையில் குத்தும் சத்தம் கேட்டது. அது கேட்கக்கூடிய சத்தமல்ல என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கேட்டது.

"எனக்கு ஒண்டு காட்டப்பட்டிச்சு. ஒரு வாய்க்கால். மதகுக்குக் கிட்ட மருதமரம். மரத்துக்குக் கீழ ஒரு வாலிபன் மவுத்தாகிக் கிடக்கிறான். மண்ணிறச் சேட். நான் தைச்ச சேட். நெஞ்சுப் பொக்கட்டுக்கு உள்பக்கமா மஞ்சள் பூப்போட்ட துண்டு வச்சிருக்கு. முகம் கிப்லாப் பக்கம். வெள்ளை உடுத்த ஆக்கள் வந்து மண்ணால மூடினாங்க."

என் கணவருடைய அந்தச் சட்டைப் பொக்கட்டில் ட்ரக்டர் பெற்றறித் தண்ணீர் பட்டு ஓட்டை விழுந்திருந்தது. அவர் போவதற்கு முதல் நாள் பின்னேரம் என் பழைய பாவாடையைக் கிழித்து உள்பக்கமாக வைத்து நான்தான் தைத்தேன். வெளியில் தெரியாது. அவருக்கும் காட்டவில்லை. காட்டினால் மஞ்சள் பூவா என்று பகிடி பண்ணுவார். அந்தத் துண்டைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். துறையடி முழுக்கக் கேட்கச் சொன்ன அந்தக் கனவில் அந்த ஒரு வரி எனக்கு. அதைக் காக்கா எனக்காகத்தான் வைத்துத் தைத்திருந்தார்.

அது கனவாக இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கனவு இல்லை என்று தெரிந்ததால்தான் நம்பினேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்து நடந்ததை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர், "அது ட்ரக்டர்காரத் தம்பிட சேட்தானே?" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "கனவில மவுத்தாகக் கண்டா ஆயுசு கெட்டி. தம்பி உசிரோட இருக்கிறார்" என்றார். துறையடி முழுக்க அல்ஹம்துலில்லாஹ் என்றது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். கனவில் செத்தவனுக்கு ஆயுள் நீளும், கனவில் அழுதால் சிரிப்பு வரும். கனவைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். இத்தனை கனவு தைத்த மனிதர் அதை மறந்துபோனார். திரைக்கு அந்தப் பக்கம், "இல்ல, இல்ல... கேளுங்க" என்று அவர் இரண்டு தரம் சொன்னது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. பாதையில் ஏறப் போனவர்கள் திரும்பி எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள், மாமியிடம் நற்செய்தி சொல்ல.

மாமி பல நாளுக்குப் பிறகு அன்று குளித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நெய்ச்சோறு ஆக்கித் துறையடியில் பங்கிடுவதாக நேர்ச்சை வைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அதுவரை அவள் என்னைக் கட்டிப்பிடித்தது கிடையாது. நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். என் கணவர் மண்ணுக்குள் இருந்தார். அவருக்கு ஜனாஸாத் தொழுகை இல்லை, ஒரு யாஸீன் இல்லை. கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் நான் உட்கார வேண்டியவள், புது உடுப்பு உடுத்துக்கொண்டு நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிழவி சாகும்வரை சோற்றை மூடி வைத்துக்கொண்டு இருக்கப்போகிறாள். நானும் அவளோடு இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை திரையை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனேன். அதற்கு முன் ஒரு நாளும் போனதில்லை. காக்கா மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். முகத்தில் எலும்புதான் இருந்தது.

"எங்க கண்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெல்லச் சொன்னார். சைக்கிளில் திரும்பி வரும்போது ட்ரக்டர் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்ததாம். சேட்டைப் பார்த்து இறங்கினாராம். அடையாள அட்டை இருக்குமா என்று பொக்கட்டுக்குள் கைவிட்டபோதுதான் மஞ்சள் துண்டு தெரிந்ததாம். அவங்க அங்கேயே நின்றார்களாம். "மூடிட்டுப் போ எண்டாங்க. ட்ரக்டர்ல கிடந்த மம்பட்டியால நானே வெட்டினன். வாய்க்கால்ல தண்ணி ஓடிச்சு புள்ள. குளிப்பாட்ட நேரம் தரல்ல." பிறகு ஒருவன் அவருடைய சைக்கிளில் கையை வைத்து, "துறையடித் தையற்கடைதானே? நீ ஒண்டும் காணல்ல" என்றானாம். "ஒண்டும் காணல்ல எண்டுதான் சொல்லச் சொன்னான். கனவு காணப்படாது எண்டு சொல்லல்ல."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் தப்பியிருப்பார்.

"மௌலவி கேட்டா கனவை வச்சு ஒரு பொம்புளைய விதவையாக்க ஏலாது எண்டுதான் சொல்லுவார். கண்டவன் வந்து சொல்லணும். நாளைக்கு மாமி நெய்ச்சோறு குடுக்கப்போறா. அதையும் தின்னப்போறீங்களா?"

"சொன்னா நான் இந்த ஊரில இருக்க ஏலாது புள்ள."

"நீங்க இருக்க ஏலாது. நான் எப்பிடி இருக்கிற?"

நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அவரைச் சாகச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை கடை முன்னால் நெய்ச்சோற்றுக் கிடாரம் இறங்கியது. மாமி முதல் கோப்பைச் சோற்றை அள்ளி இரண்டு கையாலும் காக்காவிடம் நீட்டினாள். நான் திரைக்குப் பின்னால், என் வழக்கமான இடத்தில் இருந்தேன். அவர் கோப்பையை வாங்கி மெஷினின் மேல் வைத்தார். குண்டூசிச் சத்தம் இல்லை. தொப்பியைத் தொடவில்லை.

"நான் கனவு கண்டதில்ல" என்றார். "என்ர சீவியத்தில ஒரு கனவும் கண்டதில்ல. படுத்தா விடியத்தான் எழும்புவன். நான் சொன்னது எல்லாம் கேள்விப்பட்டதும் கண்ணால கண்டதும்தான். இந்தத் தம்பியை மவுத்தாக் கண்ணால கண்டனான். இந்தக் கையாலதான் அடக்கினனான்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அந்த ஆயுசு கெட்டிக் கிழவர் கண் கலங்க, "பார்த்தீங்களா, பெரியாக்கள் இப்பிடித்தான். ஊர் தலையில தூக்கி வச்சா தங்கட அந்தஸ்தை மறைச்சுருவாங்க" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பொய் சொன்னபோதெல்லாம் நம்பிய ஊர், உண்மையைச் சொன்ன அன்று அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. மாமி மட்டும் உடனே நம்பினாள். அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கோப்பை தெருவில் விழுந்தது. பிறகு பள்ளி மௌலவி முன்னுக்கு வந்து, "சத்தியம் செய்வீங்களா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். காக்கா, "வல்லாஹி" என்றார்.

அசர் தொழுகைக்குப் பிறகு என் கணவருக்கு ஜனாஸாத் தொழுதார்கள், உடல் இல்லாமல். நான் வெள்ளை உடுத்து அறைக்குள் போனேன். காக்கா மெஷின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு கடைசிப் பாதையில் ஏறிப் போய்விட்டார் என்று மாமனார் வந்து சொன்னார். இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக்கூடாது. பாதை புறப்படும் சத்தம் அறைக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு நன்றி சொல்லவேண்டுமா, மன்னிப்புக் கேட்கவேண்டுமா, நாலு பேச்சுப் பேசவேண்டுமா என்று அன்றைக்கும் தெரியவில்லை. கண்டதை என்னிடம் சொல்லாமல் அத்தனை நாள் கனவு தைத்துக்கொண்டிருந்தாரே என்ற கோபம் இன்றும் முழுக்கத் தீரவில்லை. புத்தளத்துப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருந்து தைத்தார், அங்கேயே மவுத்தானார் என்று பல வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். அங்கே அவர் கனவு எதுவும் சொன்னதில்லையாம்.

யுத்தம் முடிந்து ரோடு திறந்த பிறகு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த வாய்க்காலுக்குப் போனேன். மதகு இருந்தது. மருதமரமும் இருந்தது. கிளையில் ஒரு பச்சைக்கொடி. மரத்தடியில் கப்ரைச் சுற்றி வேலி, மேலே பச்சைப் போர்வை, பக்கத்தில் ஊதுபத்தி, உண்டியலுக்கு ஒரு பால்மா டின். வேலியோரம் இருந்த மனிதர் எழும்பி வந்தார். இங்கே அடங்கியிருப்பவர் பெரிய வலியுல்லாஹ் என்றார். தனக்குத்தான் கனவில் வந்து இடத்தைக் காட்டினாராம்.

தம்பி வாயைத் திறந்தான். நான் அவன் கையை அழுத்தினேன்.

"என்ன உடுப்பில வந்தாங்க?" என்று கேட்டேன்.

"பச்சைத் தலைப்பா, வெள்ளை அங்கி. ஒளியா இருந்தாங்க தாத்தா."

எங்கள் பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். அங்கியின் கொலரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுபஹுக்கு எழும்பாத மனிதர் இப்போது ஊருக்கெல்லாம் துஆக் கேட்கும் இடமாகிவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் இந்த வேலி நாளைக்கே போய்விடும். ஆனால் வேலி இருக்கும்வரை யாரும் இதை உழ மாட்டார்கள். காக்காவாக இருந்திருந்தால் பேசாமல்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது. நானும் பேசவில்லை.

போர்வையின் ஓரம் மடிக்காமல் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி வேலையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். அந்த மனிதரிடம் கேட்டுக்கொண்டு, கப்ரடியில் உட்கார்ந்து நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்தேன். முடியும்போது நூலை இழுத்துக் கடைசி முடிச்சைப் போட்டேன். என் முடிச்சு அவிழாது, காக்கா சொல்லித் தந்த முடிச்சு. கையை ஏந்தி என் கணவருக்குக் கேட்டேன். பிறகு காக்காவுக்கும் கேட்டேன். யா அல்லாஹ், அவரிடம் ரெண்டு வாற்கோதுமை மணியை நீ கொடுக்கும்போது, பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் தா. அதில் ஒரு மணி என்னுடையது.